இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் குப்பை

அத்தியாயம் 5

"என் குப்பையைக் காணோம்மா. யாரோ திருடுறாங்க."

வாசலில் நின்று இப்படிச் சொன்னவள் வண்டியக்கா. ஊராட்சியின் பேட்டரிக் குப்பை வண்டியைப் பதினொரு வருஷமாக ஓட்டுகிறவள். கையில் தொங்கு தராசு, இடுப்பில் வண்டிச் சாவி, கண்ணில் மூன்று நாள் தூங்காத சிவப்பு.

திண்பண்டத் தட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போலீஸ்ல சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன் தம்பி. காணாமப் போன பொருளோட அடையாளம் கேட்டாங்க. நாறும்னு சொன்னேன். போயிட்டு வாங்கன்னுட்டாங்க."

"எவ்வளவு நல்ல திருடன் பாருங்க அத்தை! ஊரெல்லாம் இப்படி ரெண்டு திருடன் இருந்தா நாடு சுத்தமாயிடும்."

உள்ளேயிருந்து மீட்டரம்மா வந்தாள். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவள். முள் நகர்ந்த தூரத்தை வைத்து, எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையில் சமையல் நடக்கவில்லை என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு ஊரில் எது காணாமல் போனாலும் அவளிடம்தான் வந்தது. அவளுக்கு உதவியாள் மகளின் புருஷன். அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஆறு மாதமாகக் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால், ஸ்கூல் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

மருமகனை மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்பதில் மீட்டரம்மா ஒரு குறையும் வைத்ததில்லை. "மாப்பிள்ளை, தயவுசெஞ்சு அந்தச் சாக்கடைக்குள்ள கொஞ்சம் இறங்குங்க" என்றுதான் சொல்வாள். இறங்காமல் இருக்க முடியாது.

"எத்தனை நாளா காணோம்?" என்றாள் மீட்டரம்மா.

"இருபத்தோரு நாளா ஒவ்வொரு வீடாக் குறைஞ்சு, இப்ப ஊர் மொத்தமும் சுத்தமா இல்லம்மா. இருநூத்திப் பன்னெண்டு வீடு. வாசல் வாசலா மணியடிச்சிக்கிட்டுப் போறேன். 'எங்க வீட்ல குப்பையே இல்ல'ன்னு சிரிச்சிக்கிட்டே கதவைச் சாத்துறாங்க. இன்னைக்கு நாலு மணிக்குக் கூட்டம். மாசம் ஒரு டன்னு வரலைன்னா வண்டியை வேற ஊருக்கு அனுப்பணுமாம், மேலிடத்து விதி. வண்டி போனா நானும் போக வேண்டியதுதான். என் வேலையை எனக்கு மீட்டுக் குடுங்கம்மா."

மீட்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை.

"மாப்பிள்ளை, செருப்பு போடுங்க."

"அத்தை, சத்தியமா நம்ம வீட்லயும் குப்பை இல்லையே. நீங்கதான் பின்னால குழி வெட்டித் தோலெல்லாம் போடறீங்களே."

"அது நான். ஊர்ல எத்தனை பேரு நான்?"

அந்தக் கேள்விக்கு மாப்பிள்ளையிடம் ஒரு பதில் இருந்தது. சாப்பாடு அந்த வீட்டில் என்பதால் சொல்லவில்லை.

*

கோளாறு எங்கே தொடங்கியது என்பது ஊருக்கே தெரியும். ஊராட்சி எழுத்தர் நல்லவர். ஊரில் நடக்கும் பாதிக் கோளாறுக்கு அந்த நல்ல குணமே காரணம். வீட்டுவாரியாகக் குப்பை எடை போட்டு மக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மற்ற ஊர்களில் ஒரு காகிதத்தில் எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நம் எழுத்தர், பலகையை யார் படிக்கிறார்கள் என்று யோசித்து, தினமும் மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் நாள்: "மீட்டரம்மா வீடு. ஆறு கிலோ எழுநூறு கிராம். இன்றைய முதலிடம்."

அன்றைக்கு மீட்டரம்மா வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "அப்படி என்னத்த சாப்பிட்டீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். மூன்றாம் நாள் ஆசிரியர் வீடு சுழியம் என்று அறிவிக்கப்பட்டு, கைதட்டல் சத்தமும் சேர்த்து ஒலிபரப்பானது. அவ்வளவுதான். ஊருக்கே கைதட்டல் ஆசை பிடித்துவிட்டது. இப்போது ஊர் எல்லையில் 'குப்பையே இல்லாத ஊர்' என்று பலகை வைத்து, விருதுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தார் ஊராட்சித் தலைவர்.

மூவரும் கிளம்பினார்கள். முதல் தெருமுனையில் பொதுத்தொட்டி இருந்தது. மீட்டரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் தலையை உள்ள விட்டு மோந்து பாருங்க."

"என்னைப் பெத்தவ பார்த்தா அழுவா அத்தை." ஆனாலும் விட்டான். தலை வெளியே வந்தபோது முகத்தில் பயம் தெரிந்தது. "சோப்பு வாசனை அத்தை!"

"கழுவி வச்சிருக்காங்க. குப்பையைத் திருடுறவன் தொட்டியைக் கழுவி வச்சுட்டுப் போவானா? இது திருட்டு இல்ல. வெட்கம்."

"எரிச்சிருப்பாங்களோ?"

"கொடியில பாருங்க. எல்லா வீட்லயும் வெள்ளைத் துணி காயுது. எங்கயாவது பிளாஸ்டிக் எரிஞ்சா எதுத்த வீட்டுக்காரி துணியை வாரிக்கிட்டு வந்து சண்டைக்கு நிப்பா. மூணு வாரமா ஊர்ல ஒரு சண்டை கூட இல்ல."

"குளத்துல கொட்டியிருப்பாங்க."

"குளத்துல வாத்து நீந்துது. குப்பை இருந்தா நடந்து போயிருக்கும்."

குளத்தைத் தாண்டினால் மேல்நிலைத் தொட்டி. அதனடியில் வெள்ளைக் கோட்டு போட்ட இருவர் குழாய்த் தண்ணீரைச் சின்னச் சின்ன பாட்டில்களில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாப்பிள்ளையைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார்.

"சார், இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"திட்டு."

அவர் மிகுந்த கவலையோடு எதையோ குறித்துக்கொண்டார். "வீட்டுச் சாவி எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"ஏன் சார், நீங்க வீட்டுக்கு வர்றீங்களா?"

அதற்கும் குறித்துக்கொண்டார். எதற்கு இந்த விசாரணை என்று கேட்டதற்கு, மேலிடத்து உத்தரவு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

மீட்டரம்மா எதையும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. தெருவின் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, கடைசியா உங்களை நாய் துரத்தினது எப்ப?"

மாப்பிள்ளை யோசித்தான். அவனைத் துரத்தாத நாய் அந்த ஊரில் பிறக்கவில்லை. "இருக்கும் ஒரு... அட! ரெண்டு மூணு வாரமாச்சு அத்தை. நான்தான் தோரணையா நடக்கக் கத்துக்கிட்டேன்னு நெனச்சேன்."

"உங்க தோரணையில ஒரு மாற்றமும் இல்ல. நாயே இல்ல. தொட்டியில சாப்பாடு இருந்தவரைக்கும் தொட்டிக்கிட்ட கெடந்துச்சுங்க. இப்ப குப்பை எங்க போச்சோ அங்க போயிருக்கும். ஊர்ல மைக்குக்குப் பயப்படாத ஒரே சாதி அதுதான். நாயைத் தேடுங்க."

*

தேட வேண்டியதே இல்லாமல் போயிற்று. ஊரின் பதினெட்டு நாய்களும் பேருந்து நிறுத்தத்தில் இருந்தன. சில நிழற்குடையின் கீழே படுத்திருந்தன. சில, நின்றவர்களின் பைகளை அண்ணாந்து பார்த்தபடி வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

"எல்லாம் டவுனுக்குப் போகுதுங்களா?" என்றான் மாப்பிள்ளை.

"பையைப் பாருங்க."

பார்த்தான். ஜவுளிக்கடைப் பை, கல்யாணத்தில் கொடுத்த பை, கணினி வைக்கும் தோள்பை. ஆசிரியர் கையில் தோல்பெட்டி. டீக்கடைக்காரர் கூட ஒரு சூட்கேஸ் வைத்திருந்தார்.

"அண்ணே, வெளியூரா?"

"ஆமா தம்பி. ஒரு கல்யாணம்."

சூட்கேஸின் ஓரத்தில் ஈ மொய்த்தது. நிழற்குடையின் அடியிலிருந்த செவலை நாய் அதை முகர்ந்துவிட்டு ஒரு கொட்டாவி விட்டது. அதற்கு அந்தக் கல்யாணம் நேற்றைக்கே தெரிந்திருந்தது போல.

பேருந்து வந்தது. எல்லோரும் ஏறினார்கள். மீட்டரம்மாவும் மாப்பிள்ளையும் வண்டியக்காவும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தார்கள். டவுன் வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள், இரண்டு கையையும் வீசிக்கொண்டு. இருக்கைகளின் அடியில் பைகள் அப்படியே இருந்தன. ஆசிரியரின் தோல்பெட்டி ஜன்னலோரம் தனியாகப் பயணம் செய்துகொண்டிருந்தது.

"சார், உங்க பெட்டி!" என்று மாப்பிள்ளை கத்தினான். ஆசிரியர் ஓட்டமும் நடையுமாகத் தெருமுனையில் மறைந்தார். மாணவர்களிடமிருந்து கூட அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

நடத்துநர் பெருமூச்சு விட்டபடி ஒவ்வொரு பையாக எடுத்து அடுக்கினார்.

"நீங்களும் அந்த ஊரா? பாவம். என்ன ஊருங்க உங்க ஊரு! மூணு வாரமா ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் பொருளை மறந்துட்டுப் போறாங்க. சின்ன வயசு, பெரிய வயசு வித்தியாசம் இல்ல. எனக்கு மனசு கேக்கல. உங்க தண்ணியில ஏதோ இருக்கு, ஞாபகசக்தியைப் பாதிக்குதுன்னு சுகாதாரத் துறைக்கு நானே மனு போட்டேன். ஆள் வந்தாங்களா?"

"வந்தாங்க," என்றான் மாப்பிள்ளை. "என்னை சீரியஸ் கேஸ்னு எழுதியிருப்பாங்க."

"இந்தப் பையெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டாள் மீட்டரம்மா.

"எங்க போகும்? மறந்த பொருள் அறைக்குத்தான். நான் ஒண்ணைக் கூடத் தொட்டுப் பார்க்க மாட்டேம்மா. அடுத்தவங்க சொத்து."

வண்டியக்கா இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

*

மறந்த பொருள் அறை, பணிமனையின் பின்பக்கம். அங்கே போக வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, காற்றே சொன்னது. கதவருகே மேசை போட்டு, மூக்குத் துவாரம் இரண்டிலும் பஞ்சு அடைத்து, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார் காப்பாளர். அவருக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை பைகள். ஒவ்வொன்றின் காதிலும் நூலில் கட்டிய அட்டை, அட்டையில் எண்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி ஆறு," என்றார் காப்பாளர், பஞ்சு வழியாக. "ஓட்டுநர் ஓய்வறையையும் எடுத்துக்கிட்டேன். ஓட்டுநருங்க மரத்தடியில படுக்கிறாங்க."

"சார், இதெல்லாம் குப்பை சார்!" என்றான் மாப்பிள்ளை.

"அதை உரியவர் சொல்லணும். நீங்களோ நானோ சொல்ல முடியாது. அறுபது நாள் வச்சிருக்கணும்னு விதி. அடையாளம் சொல்றவங்களுக்கு மட்டும் குடுப்பேன். அதுக்காக உள்ள என்ன இருக்குன்னு ஒண்ணு விடாம எழுதி, எடை போட்டு, ஏறின நிறுத்தத்தையும் குறிச்சிருக்கேன்." தடித்த பதிவேட்டைப் பிரித்தார். "எண் பதினேழு. பச்சைத் துணிப்பை. வெங்காயச் சருகு, ஒரு கைப்பிடி. உடைந்த சீப்பு, பாதி. மீதிப் பாதி இல்லை."

"மீதிப் பாதி இல்லைன்னு எதுக்கு சார் எழுதினீங்க?"

"நாளைக்கு ஒருத்தர் வந்து, முழுச் சீப்பா இருந்துச்சுன்னு சொன்னா யார் பதில் சொல்றது?"

வண்டியக்கா மேசையின் விளிம்பைத் தொட்டாள். "எடை போட்டீங்களா ஐயா? எல்லாத்தையுமா?"

"பதிவேட்டுல எடைன்னு ஒரு கட்டம் இருக்கே. கட்டம் இருந்தா நிரப்பணும். உங்க ஊர் நிறுத்தத்துல ஏறினது மட்டும் இதுவரைக்கும் ரெண்டாயிரத்தி நூத்திப் பதினாலு கிலோ."

இரண்டு டன்னுக்கும் மேலே! வண்டியக்காவின் வேலை அந்தக் காகிதத்தில் முத்திரையோடு இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சந்தோஷமா, வெங்காயச் சருகா என்று மாப்பிள்ளைக்குப் பிடிபடவில்லை.

"அந்தப் பக்கத்தை ஒரு நகல் குடுங்க," என்றாள் மீட்டரம்மா.

"உரியவருக்குத்தான் காட்டலாம். நீங்க யாரு? ஏதாவது பை உங்களுதா?"

"எங்களுதா?" மீட்டரம்மா தலையை நிமிர்த்தினாள். "எங்க வீட்டுக் குப்பை எங்க வீட்டுக் குழியை விட்டுத் தாண்டாது."

"நல்லது. அப்ப எண் ஒண்ணு யாருதுன்னுதான் எனக்கு மூணு வாரமா யோசனை," என்றார் காப்பாளர். "இதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. ஊதா நிறக் கைப்பை. 'ஒரே வாரத்தில் கார் ஓட்டலாம்' துண்டுப் பிரசுரம், நூற்றி எண்பது. கால் கட்டைவிரல் கிழிந்த காலுறை, ஒற்றை."

மாப்பிள்ளை தன் காலைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"தண்ணீர் மீட்டர் கணக்கெழுதின பழைய நோட்டு, நான்கு."

மீட்டரம்மாவின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"என் நோட்டையா தூக்கிப் போட்டா?"

டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள். தினமும் காலை ஏழு பத்து பேருந்து. ஊதா நிறக் கைப்பை. மைக்கில் முதலிடம் வந்த மறுநாள்.

"அத்தை," என்றான் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி. "குற்றவாளி உங்க பொண்ணு. நான் வெறும் மருமகன். எனக்கும் இந்தக் குடும்பத்துக்கும்..."

"மாப்பிள்ளை, தயவுசெஞ்சு வாயை மூடுங்க." காப்பாளரிடம் திரும்பினாள். "எழுதிக்குங்க. அது எங்களுதுதான்."

கையெழுத்து போட்டாள். காப்பாளர் முத்திரை குத்தினார்.

"ஆனா ஒரு பைக்குத்தான் நகல் கிடைக்கும். அஞ்சு கிலோ நூறு கிராம்."

"ஒரு டன்னு வேணும் ஐயா!" என்றாள் வண்டியக்கா. "இப்ப மணி ரெண்டு!"

"உரியவங்களை வரச் சொல்லுங்க. எனக்கும் இது பாரமாத்தான் இருக்கு. எல்லாத்தையும் கூட விட்டுடலாம், விலையுள்ள பொருள் ஒண்ணு இருக்கு. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது." இரும்புப் பெட்டியைத் திறந்து, பருத்தித் துணியில் பொதிந்திருந்ததை மேசைமேல் பிரித்து வைத்தார்.

பல்செட்டு. மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேர்ந்து மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தன.

"எண் ஆயிரத்தி ஐநூத்தி நாப்பத்திரெண்டு. நாலு நாளைக்கு முன்னால, உங்க ஊர் நிறுத்தம். காகிதத்துல சுருட்டி இருந்துச்சு. வீட்டைக் கூட்டினவங்க தெரியாம அள்ளிப் போட்டிருப்பாங்க."

மீட்டரம்மா அந்தப் பல்லை, ஓடாத மீட்டரைப் பார்ப்பது போல உற்றுப் பார்த்தாள்.

"நாலு நாளா ஊர்ல யாரு பேசல?"

"என்னைத் தவிர எல்லாரும் பேசறாங்க அத்தை. நம்ம வீட்ல எனக்கு வாய்ப்பே..." மாப்பிள்ளை சட்டென்று நிறுத்தினான். கழுத்திலிருந்து மூக்கு வரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு, தொண்டைக்கட்டு என்று சொல்லி, நாலு நாளாகத் துண்டுச் சீட்டிலேயே நிர்வாகம் நடத்தும் ஒருவர் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தார். "அய்யய்யோ. தலைவரா?"

"ஐயா," என்றாள் மீட்டரம்மா காப்பாளரிடம், மிகப் பணிவாக. "உரியவரால வந்து வாயைத் திறந்து அடையாளம் சொல்ல முடியாதுன்னா, விதி என்ன சொல்லுது?"

காப்பாளரின் முகம் மூன்று வாரத்தில் முதல் முறையாக மலர்ந்தது. யாருமே அவரிடம் விதி கேட்டதில்லை.

"விதி பதினாலு. பதிவேட்டோட நேர்ல போய் ஒப்படைக்கணும்!"

*

நாலு மணிக்கு ஊராட்சிக் கூடம் நிறைந்திருந்தது. ஆசிரியர் முன்வரிசையில் இருந்தார். கல்யாணம் முடிந்து டீக்கடைக்காரரும் வந்துவிட்டார். தலைவர் மஃப்ளரோடு நடுவில் உட்கார்ந்து தலையாட்டினார். எழுத்தர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார்:

"நம் ஊரில் குப்பை அறவே ஒழிந்துவிட்டதால், குப்பை வண்டியைத் திருப்பி அனுப்ப இக்கூட்டம் தீர்மானிக்கிறது. ஆட்சேபணை உண்டா?"

"உண்டு," என்றாள் மீட்டரம்மா, வாசலிலிருந்து.

அவளுக்குப் பின்னால் இரும்புப் பெட்டியும் பதிவேடுமாகக் காப்பாளர் வந்தார். மேசைமேல் பெட்டியை வைத்தார், திறந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பல் சிரித்தது.

"எண் ஆயிரத்தி ஐநூத்தி நாப்பத்திரெண்டு. உரியவர் யாரு?"

ஒருவரும் அசையவில்லை. தலைவரின் மஃப்ளர் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது. தினமும் சுழியம் வாங்கிய அவர் வீட்டுப் பல், குப்பைப் பையிலிருந்து எப்படி வந்தது என்று கேட்பார்களே!

"உரியவர் இல்லைன்னா அறுபதாம் நாள் ஏலம்," என்றார் காப்பாளர்.

"யாருக்கு வேணா குடுப்பீங்களா?" டீக்கடைக்காரர் எழுந்தார். "கொஞ்சம் போட்டுப் பார்த்துட்டு..."

தலைவர் மேசை மேல் பாய்ந்தார். ஒரே அள்ளு. கூட்டத்துக்கு முதுகைக் காட்டி ஏதோ செய்துவிட்டுத் திரும்பியபோது கன்னம் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

"என்னோடதுதான்," என்றார். நாலு நாளில் முதல் பேச்சு அதுதான். "எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது."

"அதே பையில இன்னும் இருக்கு. வாசிக்கிறேன், சரிபார்த்துக்குங்க," என்று காப்பாளர் பக்கத்தைப் பிரித்தார். "வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் தைலம், காலி பாட்டில், ஏழு."

கூடத்தில் ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பை மூக்கில் அடக்கும் சத்தம். தலைவர், "என்னோடது, என்னோடது, வாசிக்காதீங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"அடுத்து, இன்னைக்கு வந்தது. எண் ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அஞ்சு. தோல்பெட்டி. உள்ளே, மாணவர்கள் எழுதின பரீட்சைத் தாள், திருத்தாதது..."

"என்னோடது!" ஆசிரியர் நாற்காலி கவிழ எழுந்தார்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி ஆறு. சூட்கேஸ். உள்ளே, பயன்படுத்திக் காயவைத்த டீத்தூள், மறுபடி பொட்டலம் கட்டி..."

"என்னோடது! என்னோடது!" டீக்கடைக்காரரின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குமேல் காப்பாளர் எண்ணைச் சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. வாசிக்க வாயெடுக்கும் முன்பே நாலு பக்கமிருந்தும் என்னோடது என்னோடது என்று கைகள் எழுந்தன. அடுத்தவர் பையைக் கூட இரண்டு பேர் அவசரத்தில் தங்களுடையது என்றார்கள். மாப்பிள்ளை கையெழுத்து வாங்க நோட்டோடு ஓடினான். ஐந்தரை மணிக்கு வண்டியக்கா கணக்கைக் கூட்டி, "ஒரு டன்னு தாண்டிருச்சும்மா!" என்றாள்.

தலைவர் தீர்மானத்தைக் கிழித்தார். வண்டி இங்கேயே இருக்கும் என்று பல் தெரிய அறிவித்தார்.

எழுத்தர் மட்டும் இன்னும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நல்லவர். "ரொம்ப சந்தோஷம். அப்ப இன்னைக்கு ஆறு மணிக்கே சரியான எடையை வீட்டுவாரியா வாசிச்சிடலாம்."

மாப்பிள்ளைக்குப் புரிந்தது. நாளைக் காலை ஏழு பத்து பேருந்தில் எல்லாப் பையும் மறுபடி ஏறும். அடுத்த மாதம் வண்டி மறுபடி போகும்.

வண்டியக்கா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. தொங்கு தராசைக் கொண்டுபோய்த் தலைவர் மேசையில் வைத்தாள்.

"மைக்கை நிறுத்துங்க சார்."

"அப்புறம் யார் வீட்ல எவ்வளவு, என்னன்னு எப்படித் தெரியும்?" என்றார் எழுத்தர்.

"எனக்குத் தெரியும் சார். யார் வீட்ல குடிச்ச பாட்டில் வருது, யார் வீட்ல தட்டோட சோறு வருது, எந்த வீட்டுப் பொண்ணு எழுதி எழுதிக் கிழிச்ச கடிதாசி வருது, எந்த வீட்ல மருந்துச் சீட்டை மட்டும் நுணுக்கி நுணுக்கிக் கிழிச்சுப் போடறாங்க, எல்லாம் தெரியும். பதினோரு வருஷமா பிரிச்சுப் பிரிச்சுப் போடறேன்." கூட்டத்தை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஒரு நாளாவது வாயைத் திறந்திருப்பேனா?"

ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. தலைவருக்கு இப்போது பல் இருந்தது. பேச்சுதான் வரவில்லை. மாப்பிள்ளை வாயில் தயாராக ஒரு நக்கல் இருந்தது. அதை அவனே முழுங்கினான்.

மீட்டரம்மா எழுந்து போய், எழுத்தரின் கையிலிருந்து மைக்கை வாங்கி, ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். எழுத்தர் தடுக்கவில்லை.

"காலையில ஏழு மணிக்கு வருவேன்," என்றாள் வண்டியக்கா, தராசைத் தோளில் மாட்டிக்கொண்டே. "வாளியை மூடி வாசல்ல வைங்க. நான் எடுத்துக்கறேன்."